நவம்பர் 9



ஜெர்மனிக்காரர்களிடம் நவம்பர் 9 என்று சொன்னால், எந்த வருஷம் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த ஒரே தேதியில் அத்தனை நடந்திருக்கிறது.

1918-இல் பேரரசர் வில்ஹெல்மின் ஆட்சி முடிந்தது. ஷைடமான் என்ற தலைவர் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசை அறிவித்தார். சில மணி நேரத்தில் லீப்க்னெக்ட் என்ற இன்னொரு தலைவர் பெர்லினிலேயே வேறோர் இடத்தில் சோஷலிசக் குடியரசை அறிவித்தார். ஒரே ஊர், ஒரே நாள், இரண்டு குடியரசு!

1923-இல் மியூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றது. 1938-இல் அதே ஹிட்லரின் ஆட்சியில் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின.

1989-இல் நடந்ததுதான் வேடிக்கை. கிழக்கு ஜெர்மனி அதிகாரி ஷபோவ்ஸ்கி, மக்கள் மேற்கே செல்வதற்கான புதிய பயண விதிகளைச் செய்தியாளர்களிடம் வாசித்தார். "எப்போதிலிருந்து?" என்று கேட்டார்கள். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "எனக்குத் தெரிந்தவரை, உடனே" என்றார். உண்மையில் மறுநாள்தான்; அதுவும் விண்ணப்பித்துப் போக வேண்டும். தொலைக்காட்சி பார்த்த ஜனங்கள் அதற்கெல்லாம் காத்திருப்பார்களா? பெர்லின் சுவரை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் கூட்டம் நெருக்க, மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு வராத காவலர்கள் இரவு 11:30 மணியளவில் வாயிலைத் திறந்தார்கள்.

ஆனாலும் தேசிய விடுமுறை அன்றைக்கு இல்லை. 1938-இன் நினைவு குறுக்கே நின்றது. இரு ஜெர்மனிகளும் 1990-இல் இணைந்த அக்டோபர் 3-ஐத்தான் அங்கே கொண்டாடுகிறார்கள்.