நாலாவது ஜோடி
(நமது சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஏதாவது பயனுள்ள விஷயமாகப் பத்து நிமிஷம் பேசுங்கள் என்றார் செயலாளர். நான் பேசப்போவது அமெரிக்காவின் ஸ்கொயர் டான்ஸ் பற்றி. சிரிக்காதீர்கள். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்துத் தெரிந்துகொண்டது. ஆடுகிறவர்களைவிட, ஆட்டத்தை நடத்துகிற 'காலர்'தான் என்னைக் கவர்ந்தார். வங்கி கவுண்டரில் டோக்கன் நம்பர் கூப்பிட்டவன் இல்லையா நான்!

நான்கு ஜோடிகள், சதுரத்தின் பக்கத்துக்கு ஒரு ஜோடியாக நிற்பார்கள். பிடில் வாசிப்பார்கள். அடுத்து என்ன செய்வது என்று காலர் சொல்லிக்கொண்டே வருவார். இப்படிச் சேர்ந்து செய்யும் ஒவ்வொரு அமைப்புக்கும் 'ஃபிகர்' என்று பெயர். லாயிட் ஷா என்ற கொலராடோ பள்ளி ஆசிரியர் பழைய ஃபிகர்களைத் தேடிச் சேர்த்து, 1939இல் 'கௌபாய் டான்சஸ்' என்று புத்தகமாக்கினார்.

வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் புதியவர்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? முதலில் சதுரமே வேண்டாம். எல்லோரும் கைகோத்து ஒரே பெரிய வட்டம். இடப்பக்கம் எட்டு அடி, வலப்பக்கம் எட்டு அடி. இதில் யாரும் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது, ஒரு ஜோடி மற்ற ஜோடிகளிடம் வரிசையாகப் போகும் ஃபிகர். 'பேர்டி இன் த கேஜ்' என்று ஒன்று. முதல் ஜோடி இரண்டாவது ஜோடியிடம் போகும். முதல் ஜோடிப் பெண் நடுவில் நிற்க, மற்ற மூவரும் கைகோத்துச் சுற்றுவார்கள். அவள்தான் கூண்டுப் பறவை. பிறகு அவள் வெளியே வர, அவளுடைய ஜோடிக்காரர் காக்கையாக உள்ளே போவார். இதையே மூன்றாவது, நாலாவது ஜோடிகளிடமும் செய்வார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஜோடியும் மூன்று தடவை; நான்கு ஜோடிக்கு 12 தடவை. புதியவர்களை நாலாவது இடத்தில் நிறுத்தினால், முதல் ஜோடி அவர்களிடம் வருமுன் இரண்டு முறை பார்த்துவிடுவார்கள். தாங்களே முன்னின்று நடத்தும் முறை வருவதற்குள் ஒன்பது முறை நடந்து முடிந்திருக்கும். பாடம் நடத்தத் தேவையே இல்லை.

கூப்பிடுவதில் முக்கியம் நேரம். காலடி விழும் தாளத்திலேயே சொன்னால் தாமதம். நடக்கிற அசைவு முடிய இரண்டு, நான்கு தட்டு இருக்கும்போதே அடுத்ததைச் சொல்லிவிட வேண்டும். ஒரு சதுரம் குழம்பினால் பெயர் சொல்லித் திருத்தக் கூடாது. 'எல்லோரும் உங்கள் இடத்துக்கு' என்று பொதுவாகச் சொன்னால் போதும்.

கஷ்டமான ஃபிகரை நடுவில் வைக்க வேண்டும். கடைசியில் மறுபடி எளிதானது. அதற்குள் கால் ஓய்ந்திருக்கும்.

இவ்வளவு கவனம் ஏன்? முதல் ஆட்டத்திலேயே தடுமாறி வெட்கப்பட்டவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். பிறகு அவரை எழுப்புவது கடினம். கெட்டிக்காரர்களை ஆடவைப்பது பெரிய விஷயமில்லை. நாலாவது ஜோடியும் சிரித்துக்கொண்டே ஆடினால்தான் அவர் நல்ல காலர்.

நம் ஆண்டு விழாவில் விளையாட்டு நடத்தும் இளைஞர்களும் இதை யோசிக்கலாம். நாற்காலி வரிசையில் நாங்கள் பலர் இருக்கிறோம்.