வீடு மாறிய வாத்தியங்கள்

வீணை வாசிப்பவர் ஒருவர் வீடு மாறுகிறார். வீணையை உறையிலிட்டுப் புதிய வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். கூடத்தில் பாய் விரித்து அமர்ந்து, சுருதி சேர்த்து, வாசிக்கத் தொடங்குகிறார். "இது எனக்குப் பழக்கமில்லாத வீடு; இங்கே ஒலிக்க மாட்டேன்" என்று வீணை அடம் பிடிப்பதில்லை. மரமும் தந்தியும் எங்கே சென்றாலும் மரமும் தந்தியுமே. ஆனால், இன்று இசையமைப்போர் பலர் கையாளும் வாத்தியங்கள் இத்தகையன அல்ல. அவை கணிப்பொறிக்குள் வாழ்பவை. இன்ன வகை வீட்டுக்கென்றே செய்யப்பட்டவை. வேறு வீட்டுக்குக் கொண்டு சென்றால் அவை வாய் திறப்பதில்லை. அவற்றை வாய் திறக்கச் செய்யும் முயற்சியைப் பற்றியே இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த வாத்தியங்கள் எப்படிப் பிறந்தன என்பதை முதலில் பார்ப்போம். ஜெர்மனி நாட்டில் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஸ்டைன்பெர்க் என்னும் நிறுவனம் 1989ஆம் ஆண்டில் குபேஸ் என்ற இசைப்பதிவு மென்பொருளை வெளியிட்டது. 1996இல் அதே நிறுவனம் வி.எஸ்.டி. என்ற ஓர் ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. பதிவுக்கூடங்களில் அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்த எதிரொலிக் கருவிகளையும் ஒலியைச் செப்பனிடும் கருவிகளையும் சிறு சிறு நிரல்களாக எழுதி, இசைப்பதிவு மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளலாம் என்பதே அந்த ஏற்பாடு. அந்தச் சிறு நிரலைத் தொழிலில் உள்ளோர் பிளக்-இன் என்பர்; நாம் செருகுநிரல் என்று அழைக்கலாம். 1999இல் அந்த ஏற்பாடு மேலும் விரிந்தது. பியானோவும் வயலினும் ஆர்கனும் செருகுநிரல்களாகவே வரத் தொடங்கின. ஒரு வாத்தியக் குழு முழுவதும் மேசை மேலுள்ள ஒரு பெட்டிக்குள் குடிபுகுந்தது எனலாம்.

குடிபுகுந்த வாத்தியங்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கணிப்பொறியில் எல்லா நிரல்களுக்கும் அடித்தளமாக இருந்து ஆட்சி செய்வது இயங்குதளம். செருகுநிரல்களுட் பெரும்பாலானவை விண்டோஸ், மாக் ஆகிய இரண்டு இயங்குதளங்களுக்காகவே எழுதப்பட்டன. ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991இல் தொடங்கி வைத்து, உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் வளர்த்த லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைச் செருகுநிரல் செய்வோர் பலர் கருதவேயில்லை. "இதில் எங்கள் பொருள் இயங்கும் என்று நாங்கள் உறுதி கூறவில்லை" என்பதே அவர்கள் வழக்கமாகத் தரும் விடை.

அப்படியானால் லினக்ஸ் பக்கம் போவானேன் என்று கேட்கலாம். விரும்பிச் செல்வோரும் உண்டு. வேறு வழியின்றிச் செல்வோரும் உண்டு. விண்டோஸ் 10 என்னும் பதிப்புக்கு அதனைச் செய்த நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்போ பழைய கணிப்பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆயினும் அதற்குரிய வீடு பூட்டப்பட்டுவிட்டது. மாக் பக்கமும் இதே கதைதான். 2019இல் வந்த கேட்டலினா பதிப்பு, 32 பிட் என்னும் பழைய அளவில் எழுதப்பட்ட நிரல்களை அடியோடு கைவிட்டது. ஒரே நாளில் எத்தனையோ வாத்தியங்கள் ஊமையாயின.

என் நண்பர் ஒருவர் நாடகங்களுக்கு இசையமைப்பவர். பத்தாண்டுப் பழமையுள்ள தம் கணிப்பொறியைக் கழிக்க மனமின்றி அதில் லினக்ஸை அமைத்துக்கொண்டார். அமைத்த மறுநாள் அவர் திறக்க விரும்பியது ஒரு தாலாட்டு. எட்டாண்டுகளுக்கு முன் தம் தாயாரைப் பாடச் செய்து பதிந்தது அது. தாயார் இன்று இல்லை. பாட்டைத் திறந்தபோது குரல் வந்தது. உடன் வர வேண்டிய ஆர்கனும் வயலின்களும் வரவில்லை. குரல், ஒலியாகவே பதிவானது. ஆதலால் எந்த வீட்டிலும் ஒலிக்கும். பக்க வாத்தியங்களோ செருகுநிரல்கள். பழைய வீட்டோடு தங்கிவிட்டன. அவற்றை அழைத்துவர இயலுமா என்று அவர் என்னைக் கேட்டார். இத்துறையில் நான் இறங்கியது அவ்வாறுதான்.

விண்டோஸுக்கென எழுதிய நிரல் லினக்ஸில் ஏன் ஓடுவதில்லை? இரண்டும் ஒரே வகை இயந்திரத்தின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன; கூட்டல் கழித்தல் இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு, நிரல் இயங்குதளத்திடம் உதவி கேட்கும் முறையில் இருக்கிறது. "கோப்பைத் திற, திரையில் சாளரம் வரை, கொஞ்சம் நினைவிடம் கொடு" என்று ஒவ்வொரு நிரலும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். விண்டோஸ் நிரல் விண்டோஸுக்குப் புரியும் பெயர்களால் கேட்கிறது. லினக்ஸுக்கு அப்பெயர்கள் தெரியா. வெளியூர் விருந்தினர் தம் ஊர் வழக்கில் தண்ணீர் கேட்கிறார், வீட்டாருக்கு விளங்கவில்லை, விருந்தினர் தாகத்தோடு திரும்புகிறார்.

இக்குறையைப் போக்க 1993ஆம் ஆண்டில் ஒரு பணி தொடங்கிற்று. அதன் பெயர் வைன். விருந்தினர் பேச்சை மாற்ற அது முயலவில்லை. அவர் கேட்கும் ஒவ்வொரு சொல்லையும் வீட்டாருக்குக் கற்றுக் கொடுத்தது. விண்டோஸ் விடையளிக்கும் கேள்விகளுக்கெல்லாம் லினக்ஸின் வளங்களைக் கொண்டே விடையளிக்கும் நிரல்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாக எழுதினர். அடுத்த ஆண்டிலிருந்து அலெக்சாந்தர் ஜூலியார் என்பவர் அப்பணிக்குத் தலைமை தாங்கி வருகிறார். முதற் பதிப்பு என்று துணிந்து பெயரிட்டு வெளியிடப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அது வெளிவந்தது 2008இல். எத்தனை ஆயிரம் சொற்களைக் கற்க வேண்டியிருந்தது என்பதற்கு அந்தக் காலக் கணக்கே சான்று.

வைன் வந்துவிட்டதே, இனி என்ன குறை என்று தோன்றும். ஆனால் செருகுநிரல் தனித்து நிற்கும் நிரல் அன்று. அது மற்றொன்றுக்குள் புகுந்து வாழ்வது. இசைப்பதிவு மென்பொருள் லினக்ஸுக்கென்றே எழுதப்பட்டது; செருகுநிரலோ விண்டோஸுக்குரியது. இரண்டையும் ஓரிடத்தில் அமர்த்த முயன்றால், ஒன்றின் பழக்கம் மற்றொன்றுக்கு ஒவ்வாமல் இரண்டும் விழும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டியதாயிற்று.

2000ஆம் ஆண்டுக்குப் பின் இத்தகைய பாலங்கள் சில தோன்றின. 2020இல் ராபர்ட் வான் டெர் ஹெல்ம் என்பவர் வெளியிட்ட யாபிரிட்ஜ் என்பது இன்று பலரும் நாடும் பாலம். அது செய்வதை ஓர் உவமையால் விளக்கலாம். அடுத்தடுத்து இரண்டு அறைகள். முதல் அறையில் கச்சேரி நடக்கிறது. அதுவே இசைப்பதிவு மென்பொருள். அங்கே வயலின்காரர் அமர வேண்டிய இடத்தில் ஒரு பதிலாள் அமர்ந்திருக்கிறார். உண்மையான வயலின்காரர் அடுத்த அறையில், தமக்கு வேண்டிய விண்டோஸ் சூழலை வைன் அமைத்துத் தர, அங்கே இருக்கிறார். நடுச் சுவரில் இரு பக்கமும் திறந்த ஒரு மாடம். இன்ன சுரம், இன்ன அழுத்தம் என்ற செய்தி பதிலாள் வழியாக அப்பால் செல்கிறது. வாசித்த ஒலியை வயலின்காரர் மாடத்தில் வைக்கிறார். பதிலாள் எடுத்துக் கச்சேரியில் சேர்க்கிறார். இரண்டு நிரல்களும் பொதுவாகப் படிக்கவும் எழுதவும் கூடிய நினைவிடமே அந்த மாடம். அடுத்த அறையில் அமர்ந்தவர் 32 பிட் காலத்துக் கிழவராயினும் கவலையில்லை. பாலம் அவரையும் ஏற்கும்.

இவ்வளவும் எவ்வளவு விரைவில் நடக்க வேண்டும் தெரியுமா? ஒரு விநாடி ஒலியைக் கணிப்பொறி 48,000 துளிகளாகப் பகுத்துக் கையாளுவது வழக்கம். அவற்றை 256 துளிகள் கொண்ட தொகுதிகளாக அனுப்பினால், ஒவ்வொரு தொகுதிக்கும் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 5 மில்லி விநாடி. காற்றில் ஒலி ஆறடி தூரம் கடக்கும் நேரம் அவ்வளவே. அதற்குள் செய்தி சுவரைக் கடந்து, வாத்தியம் ஒலித்து, ஒலி திரும்பி வந்தாக வேண்டும். தவறினால் பாட்டின் நடுவே படபடவென்று வெடிப்பொலி எழும். கடிதத்துக்கு விடை ஒரு நாள் தாழ்ந்து வந்தாலும் படிக்கலாம். தாளத்துக்குத் தாழ்ந்து வந்த மிருதங்க அடியால் என்ன பயன்? எனவே இசைப்பணிக்கு முதலிடம் தரும்படி லினக்ஸைப் பணிக்க வேண்டும். குறித்த நேரத்தில் குறித்த வேலையை முடிக்கச் செய்யும் ஏற்பாடு, சுமார் இருபது ஆண்டு உழைப்புக்குப் பின், 2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் 6.12 பதிப்பின் உள்ளேயே இடம் பெற்றது. இசைவாணர்களுக்கு இது நற்செய்தி.

பாலத்தில் இடர்களும் உண்டு. முதலாவது, முகத்தின் இடர். வாத்தியம் ஒலிக்கும்; ஆனால் அதன் குமிழ்களும் அளவுகோல்களும் தெரிய வேண்டிய சாளரம் கருநிறமாகக் கிடக்கும். படம் வரையும் விண்டோஸ் பகுதி ஒன்றை வைன் அமைப்பில் அணைத்துவிட்டால் சில சமயம் முகம் தெளியும். இரண்டாவது, காலத்தின் இடர். வைன் ஓயாமல் வளர்கிறது. 2024இல் அதன் 9.22 பதிப்பில் சாளரங்களைக் கையாளும் முறை மாறியது. யாபிரிட்ஜ் வழியே திறந்த சாளரங்களில் ஓரிடத்தில் சொடுக்கினால் வேறோரிடத்தில் பட்டது. பயன்படுத்துவோர் 9.21 பதிப்புக்கே திரும்பும்படி ஆயிற்று. ஒரு கரையை உயர்த்தினால் பாலம் கோணுவது இயற்கைதானே! மூன்றாவதே மிகக் கொடியது: பூட்டின் இடர். விலை கொடுத்து வாங்கியவர்தாம் பயன்படுத்துகிறாரா என்று சோதிக்கும் காவல் நிரல்கள், கணிப்பொறியின் அடியாழம் வரை சென்று ஆராய்வன. வைன் அமைத்த சூழலைக் கண்டு ஐயுற்று, உரியவரையே வாயிலில் நிறுத்திவிடும்.

என் நண்பரின் தாலாட்டுக்கு வருவோம். இரண்டு மாலைப் பொழுதுகள் செலவிட்டோம். முதல் மாலையில் ஆர்கன் வந்தது. அது 32 பிட் கால வாத்தியம். செய்தவர் தொழிலை விட்டு நெடுநாளாயிற்று. ஆயினும் பாலத்தின் வழியே குறையின்றி ஒலித்தது. வயலின்கள் வரவில்லை. அவற்றின் பூட்டுக்குச் சாவி, விற்ற நிறுவனத்தின் கணிப்பொறியிலிருந்து வர வேண்டும். அக்கணிப்பொறி எங்கள் அழைப்புக்கு விடை தரவேயில்லை. நண்பர் கொடுத்த பணத்துக்குச் சீட்டு இருந்தது. வாத்தியம் பெட்டியிலேயே இருந்தது. வாசிக்கத்தான் உரிமை இல்லை. நல்வேளையாக, வயலின்கள் வாசிக்க வேண்டிய சுரங்கள் பாட்டோடு எழுதப்பட்டே இருந்தன. இரண்டாம் மாலையில் அச்சுரங்களை லினக்ஸுக்கென்றே அமைந்த வேறொரு வாத்தியத்திடம் கொடுத்தோம். பழைய வயலின்களின் குழைவு வரவில்லை; தாலாட்டு மட்டும் முழுதாக ஒலித்தது. நண்பர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அம்மாவின் குரலை நான் ஒலியாகப் பதிந்து வைத்தது எவ்வளவு நல்லதாயிற்று!" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதில் ஒரு பாடம் இருக்கிறது. பாலம் அரிய பொருள். அதைக் கட்டியவர்கள் நம் நன்றிக்குரியவர்கள். எனினும் அது ஒரு கரையிலிருந்து மட்டுமே கட்டப்பட்ட பாலம். எதிர்க்கரையார் விரும்பிக் கை கொடுத்தாலன்றி அது என்றும் உறுதியாக நில்லாது. கை கொடுப்போரும் இல்லாமல் இல்லை. பிட்விக் என்ற இசைப்பதிவு மென்பொருள் 2014இல் வெளிவந்த நாள்தொட்டே லினக்ஸிலும் இயங்குகிறது. ரீப்பர் என்பதற்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. செர்ஜ், வைட்டல் போன்ற வாத்தியங்களுக்குப் பாலமே தேவையில்லை. பிட்விக் நிறுவனமும் யூ-ஹீ நிறுவனமும் கூடி 2022இல் கிளாப் என்ற பொது ஏற்பாட்டை எவரும் கட்டணமின்றிக் கையாளும்படி வெளியிட்டன. 2025இல் ஸ்டைன்பெர்க் நிறுவனமே தன் வி.எஸ்.டி. மூன்றாம் ஏற்பாட்டின் கட்டுகளைத் தளர்த்தி, தாராளமான உரிமத்தில் அதனை வெளியிட்டது. கதவுகள் மெல்லத் திறக்கின்றன.

வீடு மாற எண்ணும் இசையன்பர்களுக்கு இறுதியாகச் சில சொல்வேன். பழைய வீட்டுக் கதவு மூடுமுன், ஒவ்வொரு பாட்டின் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ஒலிக்கோப்பாகப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாத்தியம், எந்தப் பதிப்பு என்று குறித்து வையுங்கள். பாலம் ஒழுங்காக வேலை செய்யும்போது, கையிலுள்ள பணி முடியும் வரையில் வைனின் புதிய பதிப்புக்குத் தாவாதீர்கள். வாத்தியம் செய்தவர்களுக்கு, "உங்கள் பொருளை லினக்ஸிலும் கொடுங்கள், விலை கொடுக்கக் காத்திருக்கிறோம்" என்று மரியாதையாக எழுதுங்கள், கேட்போர் பெருகினால் செய்வோரும் செவி சாய்ப்பர். புதிதாக ஒரு வாத்தியம் வாங்கும்போது அதன் இனிமையை மட்டும் கேட்டு நின்றுவிடாமல், அதன் பூட்டு எத்தகையது என்பதையும் விசாரியுங்கள். இன்று அமைக்கும் பாட்டை இருபது ஆண்டு கழித்து நம் குழந்தைகள் திறந்து பார்க்க விரும்பலாம். அப்போது அவர்கள் எந்த வீட்டில் இருப்பார்களோ, நாம் அறியோம். எந்த வீட்டில் இருந்தாலும் பாட்டு அவர்களுக்குக் கேட்க வேண்டும்.