நாரி நோவும் இழுவை மெசினும்

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாரி நோவைப் பற்றிக் கதைக்கச் சொல்லிச் சங்கத்தார் கேட்டவை. நான் டொக்டர் இல்லை. ஒக்லாந்திலே ஒரு பண்டகசாலையில் 9 வருஷம் பெட்டி தூக்கி நாரியைக் கெடுத்தவன். அந்தத் தகுதியோடுதான் இதிலே நிற்கிறன்.

எங்கட ஆக்கள் கனபேர் என்னட்டைக் கேட்கிறவை: "அண்ணை, வெட்டாமல் கொத்தாமல் முள்ளந்தண்டை இழுத்துச் சரிப்படுத்துற மெசின் இருக்காம், போகலாமோ?"

அந்த மேசையிலே நானும் படுத்தவன்தான். நெஞ்சிலும் இடுப்பிலும் பட்டி கட்டுவினம். கொம்பியூட்டர் இழுக்கும், விடும், திரும்ப இழுக்கும். அரை மணித்தியாலம் வரை. முள்ளெலும்புகளுக்கு நடுவிலே இருக்கிற தட்டின் அமுக்கம் குறையும், பிதுங்கினது உள்ளே போகும் என்பது அவையின் விளக்கம். ஒரு நாளோடு முடியாது, இருபது தரம் வா என்பினம், காசை முன்னுக்கே கேட்பினம்.

படுத்திருக்கேக்கை சுகமாய்த்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அடுத்த நாள் வேலைக்குப் போக நோவும் கூடவே வந்தது.

பிறகுதான் விசாரிச்சன். 2013இலே கொக்ரேன் நிறுவனம் இழுவை வைத்தியத்தைப் பற்றின 32 ஆய்வுகளை, 2,762 நோயாளிகளை, ஒன்றாய்ச் சேர்த்துப் பார்த்தது. நோவிலும் நடமாட்டத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று கண்டது. 2016இலே இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டி, நாரி நோவுக்கு இழுவை கொடுக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டது. கொம்பியூட்டர் பூட்டின மேசை பழைய இழுவையிலும் திறம் என்று நிறுவ நல்ல ஆய்வுகள் குறைவு. ஒருத்தருக்கும் சுகம் வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தட்டுப் பிதுங்கிக் காலுக்கு இறங்குற நோவு, மெசின் இல்லாமலே கிழமைக்கணக்கிலே, மாதக்கணக்கிலே கனபேருக்குத் தணியும். மெசினாலே சுகமோ, நாள் போனதாலே சுகமோ என்று ஆர் கண்டது?

ஸ்கான் படத்தைக் காட்டி "தட்டுத் தேய்ஞ்சு போச்சு" என்றால் பயப்படாதேங்கோ. நோவே இல்லாத 50 வயதுக்காரரைப் படம் பிடிச்சாலும் 100க்கு 80 பேரிலே தேய்வு தெரியும். தலைமயிர் நரைக்கிற மாதிரி.

இப்ப ஒரு விஷயம் சொல்ல வேணும். அந்த இடத்துப் படிவத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினது 11 வயது மகள். "அப்பா, உங்கட உடம்புக்குள்ளை இரும்பு ஏதும் இருக்கோ?" என்று கேட்டாள். இல்லை என்றன். முதுகிலே ஷெல் துண்டு இருக்கு. சோதனைச் சாவடிகளிலே தழும்பை மறைச்சு மறைச்சுப் பழகின வாய், பிள்ளைக்கு முன்னாலே எப்படித் திறக்கும்? கீழே கையெழுத்தையும் போட்டன். தாள் நீட்டினால் கையெழுத்துப் போடுறதும் எங்களுக்கு ஒரு பழக்கம்.

பிறகு ஆஸ்பத்திரியிலே எம்.ஆர்.ஐ. எடுக்க முந்தி அதே கேள்வி வந்தது. அன்றைக்கு டெலிபோனிலே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். "ஷெல் துண்டு, சன்னம் ஏதும்?" என்று எங்கட பாஷையிலே கேட்டா. உண்மையைச் சொன்னன். உடனே நிற்பாட்டி, முதலிலே எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கை கிடக்கென்று பார்த்துத்தான் முடிவெடுத்தவை. அந்த மெசின் பெரிய காந்தம். கண்ணுக்கோ முள்ளந்தண்டு நரம்புக்கோ கிட்ட உள்ள துண்டு அசைஞ்சால் என்னாகும் என்று யோசியுங்கோ.

ஆகவே மேசையிலே ஏறமுந்தி, இந்த நோவுக்குக் காரணம் என்ன என்று டொக்டரிட்டைக் கேளுங்கோ. எலும்பு மெலிஞ்சவை, முள்ளெலும்பு வெடிச்சவை, கம்பி ஆணி பூட்டினவை, கர்ப்பிணிகள், புற்றுநோய் வந்தவை, வயிற்றுப் பெருநாடி வீங்கினவை இழுவைக்குப் போகக் கூடாது. பின்னேரக் காய்ச்சலும் மெலிவும் நாரி நோவோடு சேர்ந்தால் முள்ளந்தண்டிலே காசநோயாகவும் இருக்கலாம். எங்கட நாட்டுப் பக்கத்திலே இருந்து வந்தவைக்கு அந்த நினைப்பு இருக்க வேணும். இரண்டு காலும் சோர்ந்து, தொடை இடுக்கு விறைச்சு, சலம் அடைபட்டாலோ தன்பாட்டிலே போனாலோ ஒன்றுக்கும் காத்திராமல் 111.

இந்த நாட்டிலே 1996இலிருந்து நோயாளர் உரிமைக் கோவை இருக்கு. செய்யக்கூடிய இடத்திலே மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். விளக்கம் கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். பிள்ளையளை மொழிபெயர்க்க விடாதேங்கோ. இரவிலே சந்தேகம் வந்தால் ஹெல்த்லைன் 0800 611 116, இலவசம். வேலையிலே தூக்கேக்கை திடீரெனப் பிடிச்சதென்றால் ஏ.சி.சி.க்கு எழுதலாம், பிசியோவே எழுதித் தருவார். வயதாலே வந்த தேய்வுக்கு அவை பொதுவாய்க் கட்டாயினம்.

எனக்குச் சுகம் தந்தது பெரிய வைத்தியமில்லை. பிசியோ சொன்ன பயிற்சி, நாளாந்த நடை, பெட்டி தூக்கிற வேலையை மாற்றித் தரச்சொல்லி முதலாளியிட்டைக் கேட்ட ஒரு வசனம். குப்புறப் படுத்து நெஞ்சை நிமிர்த்துற பயிற்சியை உலகத்துக்குப் பரப்பின ரொபின் மக்கென்சி இந்த நாட்டு ஆள்தான், ஒக்லாந்திலே பிறந்தவர். எல்லா நாரிக்கும் அது ஒத்துவராது, பிசியோவிட்டைக் காட்டிச் செய்யுங்கோ. 1997இலே இங்கை வந்த நாரி நோ வழிகாட்டியும் படுத்துக் கிடவாதே, நடமாடு என்றுதான் சொன்னது. நோ இன்னும் முழுக்கப் போகவில்லை. மாரியிலே எட்டிப் பார்க்கும்.

மகளுக்கு இப்ப ஷெல் துண்டின் கதை தெரியும். அவ இதிலே முன்வரிசையிலே இருக்கிறா.

நான் தேத்தண்ணி மேசையடியிலே நிற்பன். ஆரும் இப்படிப் படிவம் வைச்சிருந்தால், கையெழுத்துப் போடமுந்தி கொண்டு வாருங்கோ, இருந்து வாசிப்பம்.