கடற்கரையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பழைய செப்புக் காசுகள் திருவனந்தபுரத்தில் சில வீடுகளின் பெட்டிகளில் இன்னும் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்று பொறித்திருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்று இந்த ஊரில் கணக்குப் பார்த்தார்கள். அந்தக் 'கேஷ்' நம்முடைய காசுதான். இன்று கடையில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கிறார்களே, அது வேறு சொல். பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியில் வந்தது. நம் காசு போர்ச்சுகீசியர் வாயில் உருமாறி ஆங்கிலேயரிடம் போனபோது, தங்களிடம் ஏற்கெனவே இருந்த சொல்லின் எழுத்துகளிலேயே அதையும் எழுதிவிட்டார்கள். வேறு வேறு தாய்க்குப் பிறந்த இரண்டு சொற்கள் ஒரே உருவத்தில் நிற்கின்றன.

இப்படி ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கென்றே 1886-இல் லண்டனில் ஓர் அகராதி வந்தது. பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. தொகுத்தவர்கள் இருவர். ஒருவர் ஹென்றி யூல், ராணுவப் பொறியாளர். மற்றவர் ஆர்தர் பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அங்குள்ள சரசுவதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவரும் அவரே. அகராதி அச்சேறும் முன்பே, 1882-இல் பர்னெல் காலமாகிவிட்டார். யூல் தனியாக இருந்து முடித்தார். முஹர்ரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழும் குரல் ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் விழுந்த விதம்தான் அந்த விநோதமான தலைப்பு.

சொற்கள் ஏன் போயின? அதற்கு அஞ்சுதெங்குக்குப் போக வேண்டும். திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கடலோரத்தில் உள்ள ஊர். ஆற்றிங்கல் ராணியிடம் இடம் வாங்கி, 1695-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கோட்டை கட்டியது. வந்தது மிளகுக்காக. ஆனால் கோட்டையைச் சுற்றிலும் அவர்கள் மொழியில் பெயரே இல்லாத பொருள்கள். கொப்பரையும் தேக்கும் வெற்றிலையும் ஆங்கிலத்தில் ஏறியதற்கு இதுவே காரணம். போர்ச்சுகீசியர் இங்கே முன்னதாகவே கேட்டு எழுதிக்கொண்ட சொற்களும் அவற்றில் உண்டு.

கயிறும் அப்படித்தான். மலையாளத்தில் கயர், போர்ச்சுகீசியர் அதைக் 'கைரோ' என்று எழுதினார்கள். பிறகு ஆங்கிலேயர் அதைக் 'காயர்' ஆக்கினார்கள். கயிறு வியாபாரத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. தேங்காய் நார்க் கயிற்றில் ஒரு ரகத்துக்கு, அஞ்சுதெங்கின் ஆங்கில உருவமான 'அஞ்செங்கோ' என்றே பெயர். தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு, அடித்து, நாரைத் திரித்த பெண்களின் ஊர்ப்பெயர் ஒரு வணிகச் சொல்லாகிவிட்டது.

சில சொற்கள் வழக்கொழிந்து போயின. அவற்றின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 'காஞ்சி ஹவுஸ்' என்றால் என்ன தெரியுமா? கஞ்சி வீடு. படை முகாமில் தவறு செய்த சிப்பாயை அடைத்து வைக்கும் அறை. உள்ளே கிடைத்தது கஞ்சி, அதனால் அந்தப் பெயர். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயரை மற்ற மாகாணத்து ஆங்கிலேயர் 'மல்' என்று கூப்பிட்டார்கள். மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆகி, அதன் தலைப்பகுதி மட்டும் மனிதருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

எல்லாவற்றையும்விட அதிகம் அலைக்கழிந்தது கட்டுமரம். கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களை எழுதியிருக்கிறார். நூறாண்டு கழித்து அந்தச் சொல் போருக்குப் போனது. 1804-இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்துக் கப்பல்களைத் தகர்க்க, வெடிமருந்து அடைத்த மிதவைப் பெட்டிகளை ஆங்கிலக் கடற்படை அனுப்பியது. அவற்றுக்குப் பெயர் 'கேட்டமரான்'. அதே நூற்றாண்டில் ஓயாமல் சண்டை பிடிக்கும் பெண்ணையும் ஆங்கிலேயர் அப்படி ஏசினார்கள். இன்று அந்தச் சொல் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. அந்த அமைப்போ பசிபிக் தீவுக்காரர்களுடையது. நம் கட்டுமரத்துக்கு உடலே இல்லை; எடை குறைந்த மரத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். கரையேறியதும் கட்டை அவிழ்த்து உலர்த்துவார்கள்.

திருவனந்தபுரம் கடலோரத்தில் விழிஞ்சம், பூந்துறைப் பக்கம் கட்டுமரம் செலுத்தியவர்களின் பெயர் எந்த அகராதியிலும் இல்லை. இது எனக்கு உறுத்துகிறது. அகராதி தொகுத்த பர்னெல் சுவடி படித்த அறிஞர். சுவடியில் ஏறாத பேச்சு கடற்கரையில் நிறைய இருந்தது, இருக்கிறது. நீரோட்டம் அவர்களுக்கு நீவாடு. கடலடிப் பாறைத்திட்டு பார். கச்சான் காற்று அடித்தால் எந்தப் பக்கம் போவது, எந்தப் பாரில் என்ன மீன் என்பதெல்லாம் அந்தப் பேச்சுக்குள் அடங்கிய அறிவு. இன்று பெரும்பாலும் ஃபைபர் படகும் எஞ்சினும்தான். கட்டுமரத்தில் போய்ப் பழகிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த உரையைக் கேட்கும் கல்லூரி மாணவர்களிடம், குறிப்பாகக் கடலோரக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தாத்தாவிடம் உட்கார்ந்து, கட்டுமரத்தின் ஒவ்வொரு துண்டுக்கும், அதைக் கட்டும் ஒவ்வொரு முடிச்சுக்கும் அவர் என்ன பெயர் சொல்கிறார் என்று அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். தமிழா மலையாளமா என்று பார்க்க வேண்டாம். அவர் சொன்னபடியே எழுதுங்கள்.