தாமரைக்கு உறவு யார்?

தாவர உருவமைப்பும் வகைப்பாடும் குறித்துப் பேச இந்தக் கருத்தரங்கு கூடியிருக்கிறது. பாடத்திட்டத்தில் இவை இரண்டு தாள்கள். மாணவர் ஒரு பருவத்தில் இலையடுக்கத்தை மனப்பாடம் செய்கிறார்; இன்னொரு பருவத்தில் குடும்பப் பெயர்களை. இரண்டும் ஒரே வேலைதான் என்று அவருக்குச் சொல்வோர் குறைவு.

உருவம் ஏமாற்றும், அமைப்பு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. உருளைக்கிழங்கின் ‘கண்’ ஒரு மொட்டு. அது கணுவில், செதிலிலையின் கோணத்தில் உட்கார்ந்திருப்பதால் உருளை தண்டு. சர்க்கரைவள்ளியில் கணுவே கிடையாது, அது வேர். வாழையின் ‘மரம்’ முழுக்க இலையுறைகளின் சுருள். பொரியலுக்கு வாங்கும் வாழைத்தண்டுதான் குலையைத் தாங்கி மேலேறும் உண்மைத் தண்டு. கடற்கரைச் சவுக்கு இன்னும் பெரிய ஏமாற்றுக்காரன். ஊசியிலையும் கூம்பும் கண்டு அதைப் பைனின் இனம் என்று எண்ணுவோர் பலர். அந்த ‘ஊசி’யைக் கணுவில் ஒடித்துப் பார்த்தால் சுற்றிலும் பொடிச் செதில்கள் தெரியும். இலை அவைதான், ஊசி வெறும் கிளை. சவுக்கு பூக்கும் தாவரம்.

வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. பனையும் தென்னையும் மூங்கிலும் இதன்படி புல்லாகும். பனையின் வாஸ்குலார் கற்றைகள் தண்டின் ஓரத்தில் நெருங்கி, நடுவில் கலைந்து கிடக்கின்றன. ஆண்டுதோறும் உள்ளே கட்டை சேர்க்கும் கேம்பியம் வளையம் அதற்கு இல்லை. தேக்குக்கு உண்டு. ஆனால் இதை வைத்து, ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவையே நம் முன்னோர் கண்டுவிட்டார்கள் என்று மேடையில் முழங்குவது சரியாகாது. வித்திலையை அடிப்படையாக்கி 1682-இல் எழுதியவர் ஜான் ரே. மரபியலின் பிரிவு தண்டைப் பார்த்தது. வைரமே பாயாத முருங்கையையும் பப்பாளியையும் அதில் எங்கே வைப்பது? நுணுகிப் பார்த்த கண் என்ற பெருமையே அதற்குப் போதும்.

லின்னேயஸ் 1735-இல் மகரந்தத்தாள்களை எண்ணி 24 வகுப்புகள் அமைத்தார். எண்ணத் தெரிந்தால் போதும் என்பதால் முறை பரவியது. விளைவு வேடிக்கையானது. இரண்டு தாள் உள்ள சால்வியா மல்லிகையோடு போய்ச் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவான துளசி, நான்கு தாள் என்பதால் வேறு வகுப்பில் விழுந்தது.

பல உறுப்புகளைச் சேர்த்துப் பார்த்த பெந்தாம்–ஹூக்கர் முறை (1862–1883) அந்தக் குறையைப் பெரிதும் களைந்தது. கேம்பிள் 1915-இல் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரநூல் அதையே பின்பற்றியது. நம் வகுப்பறைகள் இன்றும் அதை விடவில்லை.

அந்த முறையில் தாமரையும் ஆம்பலும் ஒரே குடும்பம். குளத்தைப் பார்த்தால் யாரும் மறுக்கமாட்டார்கள். பூவை அறுத்தால்தான் சந்தேகம் எழுகிறது. ஆம்பலின் சூலிலைகள் இணைந்து ஒரே சூலகமாகின்றன. தாமரையிலோ பம்பரம் போன்ற பூத்தளத்தின் குழிகளில் ஒவ்வொன்றும் தனியே புதைந்திருக்கிறது. ஆம்பல் மகரந்தத்தில் ஒரே துளைவாய். தாமரையில் மூன்று பள்ளங்கள். இந்த வேறுபாடுகள் முன்பே தெரிந்தவை. அவற்றுக்கு எவ்வளவு எடை தருவது என்பதில்தான் தடுமாற்றம். ஏறத்தாழ 500 விதைத்தாவரங்களின் ஒரு பசுங்கணிக மரபணுவை ஒப்பிட்டு 1993-இல் வந்த ஆய்வு தாமரையைப் பிளேன் மரத்துக்கும் புரோட்டியேசி குடும்பத்துக்கும் அருகே வைத்தது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் புரோட்டியேசியைச் சேர்ந்ததுதான். ஆம்பலோ பூக்கும் தாவரங்களின் மரத்தில் மிகத் தொடக்கத்திலேயே பிரிந்த கிளை. தண்ணீர் வாழ்க்கை இருவருக்கும் ஒரே சாயலைத் தந்திருக்கிறது, அவ்வளவே.

ஏபிஜி எனப்படும் பூக்கும் தாவர மரபுவழிக் குழுவின் வகைப்பாட்டில் 2016-இல் வெளியான நான்காம் பதிப்பு பூக்கும் தாவரங்களை 64 துறைகள், 416 குடும்பங்கள் என்று வகுக்கிறது. தேக்கு இப்போது துளசியின் குடும்பத்தில்; எருக்கு, அரளியின் குடும்பத்தில். டிஎன்ஏ வந்தபின் பூவை அறுப்பானேன் என்று இளம் ஆய்வாளர் கேட்பது இயல்பு. ஆனால் பரிசோதனைக் குழாயில் போட்ட இலை எந்தச் செடியின் இலை என்பதை முதலில் யாராவது அடையாளம் காண வேண்டுமே! பெயர் தவறிய மாதிரி, எத்தனை நுட்பமான வரிசைப்படுத்தலையும் வீணாக்கிவிடும்.

இங்கு வாசிக்கப்படும் கட்டுரைகளுக்கு ஒரே வேண்டுகோள். புதிய குடும்பப் பெயரைச் சொல்பவர் அதற்குச் சான்றான உறுப்பையும் காட்டட்டும்: கணுவோ, சூலக வெட்டுமுகமோ, மகரந்தமோ. முதல் அமர்வு பூவின் உள்ளமைப்பு பற்றியது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.