தளரா முயற்சியும் தேகப்பயிற்சியும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தைத் திங்களில் நம் இளைஞர் பலர் தேகப்பயிற்சியைத் தொடங்குகின்றனர். மாசி முடியுமுன் விட்டுவிடுகின்றனர். ஆம்பூர்த் தோற்பதனிடுஞ் சாலைகளில் உழைத்துத் திரும்புவார்க்கு ஓய்வு அரிதே. ஆயினும் பலரைத் தடுப்பது, “முன்போற் செய்ய இயலவில்லையே” என்னும் மனச்சோர்வேயாம்.

வேலூர்ச் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தை நோக்குமின். 2014-இல் கிளாஸ்கோ நகரில் நிகழ்ந்த காமன்வெல்த் விளையாட்டில், 77 கிலோ எடைப் பிரிவில், இருவகைத் தூக்குங் கூட்டி 328 கிலோ தூக்கிப் பொற்பதக்கம் பெற்றார். பின்னர்த் தேசியப் போட்டியொன்றில் 194 கிலோவைத் தூக்க முயன்று தொடையிற் காயமுற்றார். பதக்க நம்பிக்கை தளர்ந்தபோதும் பயிற்சியை விட்டாரல்லர். 2018-இல், ஆஸ்திரேலிய நாட்டுக் கோல்டு கோஸ்ட் நகரில் அவர் தூக்கியது 317 கிலோ. முன்னையினும் 11 கிலோ குறைவு. பெற்றதோ மீண்டும் பொன்!

ஆதலின் இளைஞர்காள்! தண்டால் ஐம்பது இயலாத நாளிற் பத்தேனும் எடுமின். வேலைமுறை மாறின் பயிற்சி நேரத்தை மாற்றுமின். ஒருநாள் தவறின் மறுநாளே தொடங்குமின். தனியே செய்வாரை மடி எளிதில் வெல்லும். இருவர் மூவராய்க் கூடிச் செய்ம்மின். அளவு குறைதல் இழுக்கன்று. அறவே விடுதலே இழுக்கு. இதனை உள்ளத்திற் கொள்ளுமாறு வேண்டி அமைகின்றேன்.