பால் என்னாச்சு?

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே,

பல ஆண்டுகளுக்கு முன், பைக் விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞரைப் பரிசோதித்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன், தடுமாறாமல் கழித்தார். 'நல்ல முன்னேற்றம்' என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். கதவோரம் நின்ற அவர் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அடுப்புல பால் வெச்சிருப்பாரு சார். போன் அடிச்சா போதும், பால மறந்துடுவாரு. மூணு பாத்திரம் கருகிப்போச்சு."

என் பரிசோதனைக்குச் சிக்காத நோய் அவர் வீட்டு அடுப்படியில் இருந்தது.

கவனத்தைப் பிடித்து நிறுத்துவதில் மூளையின் முன்மடலுக்குப் பெரும் பங்கு உண்டு. நடுமூளையிலிருந்து அங்கே டோபமைன் என்னும் வேதிப்பொருளைக் கொண்டுசேர்க்கும் நரம்பிழைகள் விபத்தின் உலுக்கலில் அறுபடலாம். மெத்தில்பெனிடேட் மாத்திரை, சுரந்த டோபமைன் உடனே உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. அதனால் சிந்தனை வேகம் கூடுவதை ஆய்வுகள் காட்டின. ஆனால் பாலையும் போனையும் ஒருசேரக் கவனிக்கும் திறன் அந்த அளவுக்குக் கூடவில்லை.

அமன்டடின் கதையையும் கேளுங்கள். அது முதலில் ஃப்ளூ காய்ச்சலுக்கான மருந்தாக இருந்தது. 1968இல் அதைச் சாப்பிட்ட ஓர் அமெரிக்கப் பெண்மணி, தம் பார்க்கின்சன் நோயின் விறைப்பும் நடுக்கமும் குறைந்ததாக மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. மற்ற நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து, 1969இல் முடிவை வெளியிட்டார். டோபமைனைத் தூண்டும் அந்த மருந்து பிறகு மூளைக் காயத்துக்கும் வந்தது. கடுமையாக அடிபட்டு முழு நினைவு திரும்பாத 184 பேரிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. அவர்களில் மருந்து உட்கொண்டவர்கள் அந்த நான்கு வாரமும் மற்றவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். நிறுத்தியதும் வேகம் தணிந்தது. இரண்டே வாரத்தில் மருந்து எடுக்காதவர்களும் ஏறக்குறைய அதே நிலையை எட்டிவிட்டார்கள். மருந்து உந்திவிடும், மீதித் தூரத்தை நோயாளியும் குடும்பமும் நீங்களும்தான் நடக்க வேண்டும்.

அந்த இளைஞருக்கு மெத்தில்பெனிடேட் மாத்திரை எழுதினேன். பால் காயும்போது போனை அடுத்த அறையில் வைக்கச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது கணக்குக் கேட்கவில்லை. "பால் என்னாச்சு?" என்றேன். மனைவி முந்திக்கொண்டு, "இன்னிக்குக் காப்பி அவர் போட்டதுதான் சார்" என்றார். மாத்திரையின் பங்கு எவ்வளவு, அடுத்த அறையின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

நாளை உங்கள் அறைக் கதவோரமும் ஒருவர் தயங்கி நிற்பார். உட்காரச் சொல்லுங்கள்.